கன்னியம்மா மாற்றிப் பாடாத பாட்டு

கன்னியம்மாவுக்குச் சொந்தமாக ஓர் ஆடுகூடக் கிடையாது. இருபது வருஷமாக அடுத்தவர் ஆட்டைத்தான் மேய்த்தாள். 1974இல் அவளிடம் இருந்தவை கோவளத்து வியாபாரி அப்துல் மாலிக்கின் ஆடுகள். அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போடுவார்கள். மாலையில் மூங்கில் படலுக்குள் ஆடுகளை அடைத்தால் விடிவதற்குள் மண்ணுக்கு எரு கிடைத்துவிடும். மறுநாள் படலைப் பிடுங்கிப் பக்கத்தில் நட வேண்டும். கிடை முடியும்வரை மேய்ப்பவருக்குக் கஞ்சி ஊற்றுவது வயல்காரர் பொறுப்பு.

அந்தச் சித்திரையில் மாமல்லபுரத்துக்கு மேற்கே ராஜாராமின் வயலில் கிடை. மூன்று நாளும் நுரைத்து நாறிய கஞ்சியே வந்தது. நான்காம் நாள் படலைப் பிடுங்கிக்கொண்டே கன்னியம்மா பாடினாள்:

நாலு பக்கம் படல் நட்டேன்
நாத்தக் கஞ்சி ஊத்துனாரு
நாயி மோந்து தள்ளிப் போச்சு
நான் குடிச்சி மேய்க்கணுமாம்

பக்கத்துக் கிணற்று வயலில் களை பறித்த பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மதியத்துக்குள் ராஜாராமின் சொந்த ஆட்களே முணுமுணுத்தார்கள்.

ராஜாராம் அவளிடம் பேசவில்லை. பஸ் ஏறிக் கோவளத்துக்கு மாலிக்கைப் பார்க்கப் போனார். அவள் எல்லோர் முன்னாலும் நல்ல கஞ்சி என்று மாற்றிப் பாட வேண்டும். இல்லையென்றால் தன் வயலிலும் பங்காளிகள் வயலிலும் மாலிக்கின் ஆடு கால் வைக்காது என்றார். அந்தக் கோடையில் வேறு மேய்ச்சல் இல்லை.

மறுநாள் காலை இருவரும் வந்தார்கள். களைக்காரப் பெண்கள் வரப்பில் நின்றார்கள்.

"ஒரு வார்த்ததானே கன்னியம்மா, மாத்திப் பாடேன். இல்லாட்டி வேலயில்ல," என்றார் மாலிக்.

கன்னியம்மா கஞ்சிச் சட்டியை அவர்கள் முன் நகர்த்தினாள். "இன்னிக்கி வந்த கஞ்சி பாய். அவரு ஒரு வாய் குடிக்கட்டும். அப்பால பாடறேன்."

ராஜாராம் சட்டியின் பக்கமே திரும்பவில்லை. ஆடு மேய்க்கிறவளுக்கு இத்தனை கொழுப்பா என்று மாலிக்கிடம் கேட்டார். மாலிக் குனிந்து மோந்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வரப்பில் ஒருத்தி சிரித்தாள்.

"கோலக் குடு," என்றார் மாலிக்.

அவள் ஆடு மேய்க்கும் கோலை அவர் காலடியில் எறிந்தாள். "மோந்தியே பாய், சொல்ல வாய் வர்ல?"

அவளுக்குப் பதிலாகக் கிடைக்குக் கருப்பன் வந்தான், நாலு பிள்ளைக்காரன். ஒரு வாரம் கழித்துக் கன்னியம்மாவின் குடிசைக்கே வந்துவிட்டான். அவள் கல் உடைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தனக்கும் அதே கஞ்சிதான் வருகிறது, அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடு என்றான்.

"அதுக்கு என் வேல போச்சி. ஒனக்கு வோணும்னா நீயே ஒண்ணு கட்டிப் பாடு. ஒன் வேலயும் போவட்டும்," என்று கதவைச் சாத்தினாள்.