ஒரே கட்டைவிரலில் ஒன்பது சிம்

எங்கள் ஷூ தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே மூன்று குடைகள் நிற்கும். சம்பள நாளில் நான்காகும். ஒவ்வொன்றும் ஒரு போன் கம்பெனியின் நிறத்தில் இருக்கும். குடைக்குக் கீழே ஒரு ஸ்டூல், அதன்மேல் ரேகை வைக்கும் மிஷின், பக்கத்தில் கழுத்தில் அட்டை தொங்க ஒருவர். "எங்க கம்பெனிக்கு மாறினீங்கன்னா மொத மாசம் ஃப்ரீ மேடம்" என்று பக்கத்துக் குடைக்காரர் காதில் விழும்படியே கூப்பிடுவார். பக்கத்துக் குடைக்காரரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். ஆம்பூருக்கு வேலைக்கு வந்த நாள் முதல் மூன்று குடைக்கும் போய் வந்துவிட்டேன். ஓசியில் கொடுத்துப் பழக்கிவிட்டு விலையை ஏற்றுவார்கள். ஏற்றும்போது மட்டும் எல்லோரும் ஒரே வாரத்தில் ஏற்றுவார்கள். அப்புறம் எதற்குத் தனித்தனிக் குடை?

சிக்னல் கதை இன்னும் மோசம். எனக்கு ஒடுகத்தூர்ப் பக்கம், மலையடியில் ஊர். ஆம்பூரில் நன்றாக எடுக்கும் சிம் எங்கள் வீட்டுக்குள் எடுக்காது. வீட்டில் எடுக்கும் சிம் ஆம்பூர் வந்ததும் படுத்துவிடும். இரண்டையும் வைத்துக்கொள்ள நான் ஒன்றும் முதலாளி இல்லை. அதனால் காலையில் போனில் சிக்னல் இல்லாவிட்டால் நான் கவலைப்படுவதே கிடையாது. பிறகு நடந்த கூத்துக்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் என் கட்டைவிரல். நான் பேஸ்டிங்கில் இருக்கிறேன். தோலில் சொல்யூஷன் தடவி ஒட்டுவதும், ஓரத்தில் பிதுங்கிக் காய்ந்ததைக் கட்டைவிரலால் தேய்த்து எடுப்பதும் என் வேலை. பதினோரு வருடமாகத் தேய்த்ததில் விரலும் சேர்ந்து தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மிஷினில் என் ரேகை விழாது. குடைக்காரர் மிஷினிலும் விழாது. போன் வாங்கும்போது விரல் வைத்தால் திறக்கும் என்று ஆயிரம் ரூபாய் கூடுதலாக வாங்கினான் கடைக்காரன். இன்றுவரை எனக்கு அது திறந்ததில்லை.

எங்கள் லைனில் எல்லோருக்கும் இதே கைதான். அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி பேக்கிங் அக்கா. பேக்கிங்கில் காகிதம் சுற்றி டப்பாவில் அடுக்குவதுதான் வேலை. அங்கே இருப்பவர்களுக்கு விரல் கெடாது. அந்த அக்கா கட்டைவிரலை வைத்தால் மிஷின் உடனே பச்சையாகும். யாருக்கு சிம் வேண்டுமென்றாலும் டீ நேரத்தில் அவரைக் குடைக்கு அழைத்துக்கொண்டு போவோம். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒரு பெருமையோடுதான் வைப்பார். ஒருவர் பேரில் ஒன்பது சிம் வரைதான் கொடுப்பார்கள். எங்கள் எட்டுப் பேருடையதும் அவருடையதும் சேர்ந்து சரியாக ஒன்பது. எல்லாம் அவர் பேரில். இதில் தப்பு இருப்பதாக எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

என் மகள் பிளஸ் டூ முடித்து நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்தாள். கேட்ட இடத்தில் என் எண்ணைக் கொடுத்தாள். அவளிடம் இருந்தது செகண்ட்ஹேண்டில் வாங்கிய, திரையில் விரிசல் விட்ட ஒரு டேப்லெட். அதில் சிம் போடவில்லை. அப்டேட் கேட்கும், அப்டேட் போட்டால் இந்த மாடலுக்கு இனி கிடையாது என்று சொல்லும். பக்கத்து வீட்டு வைஃபையில் அதை வைத்துக்கொண்டுதான் போராடினாள். அரசுக் கல்லூரியில் இடம் வந்துவிட்டது. அடுத்த நாள் மாலை ஐந்து மணிக்குள் என் எண்ணுக்கு வரும் ஓடிபியைப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். தவறினால் இடம் அடுத்த ஆளுக்கு. தனியாரில் சேர்க்க எங்களால் ஆகாது. கல்லூரி திறக்கும்வரை இரண்டு மாதம் சும்மா இருக்க வேண்டாம் என்று, எங்கள் பேஸ்டிங்கிலேயே அவளுக்கு சூப்பர்வைசரிடம் இடம் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த அடுத்த நாள் காலை ஏழு மணிக்கே ஓடிபிக்கு அழுத்திப் பார்த்தோம், வரவில்லை. போனில் சிக்னல் இல்லை. வீட்டில் வழக்கம்தானே என்று விட்டோம். ஆம்பூர் போய் எடுத்து, கேட்டில் வருகை பதியும் டைம் ஆபீஸ் போனில் அவளுக்குச் சொல்வதாக ஏற்பாடு. ஆம்பூரிலும் சிக்னல் கோடு வரவில்லை. டவர் கோளாறு, மதியத்துக்குள் வந்துவிடும் என்று நானே முடிவு செய்து, எல்லோரையும் போலப் போனை கேட்டில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்த முட்டாள்தனத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பன்னிரண்டரைக்கு மகள் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து டைம் ஆபீசுக்குக் கூப்பிட்டாள். "அம்மா, உன் போனுக்கு அடிச்சா நம்பரே இல்லைன்னு சொல்லுதும்மா." கேட் பாஸ் வாங்கிக்கொண்டு பஜாரில் இருக்கும் கம்பெனி ஷோரூமுக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கனெக்‌ஷன கட் பண்ண சொல்லியிருக்காங்க. யார் பேர்ல இருக்குதோ அவங்க வந்து ரேகை வெச்சா திரும்பக் குடுக்கலாம்" என்றாள். திரும்ப ஓடி, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கி, பேக்கிங் அக்காவை இழுத்துக்கொண்டு வந்தேன். வழியில்தான் விஷயம் தெரிந்தது. புதுப் போன் வாங்கினால் புது சிம் ஓசி என்று நான்காம் குடையில் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது ஏற்கெனவே இருக்கிறது, ஒன்றை எடுத்த பிறகு வந்து ரேகை வையுங்கள் என்று, அக்கா போனுக்கு வந்த ஓடிபியைப் போட்டுப் பட்டியலைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். இதில் உங்களுடையது இல்லாதது எது என்று கேட்டதும் அக்கா ஒரு எண்ணைக் காட்டி, இது என்னுடையது இல்லை என்றிருக்கிறார். அது என்னுடையது.

நடுரோட்டில் நின்று கத்தினேன். "ஒரு வார்த்த கேக்கக்கூடாதாக்கா?"

"இன்னாடி பண்றது? எனக்கு உன் பேரு தெரியும், மூஞ்சி தெரியும். போன்ல பேரப் பாத்து அமுத்துறேன். நம்பர யாருடி படிச்சு வெச்சிக்கினு இருக்காங்க?" என்றார். அவர் எண் எனக்கும் தெரியாது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஷோரூமில் அக்கா பெருமையோடு கட்டைவிரலைத் துடைத்து வைத்தார். மிஷின் சிவப்பு காட்டியது. மறுபடி வைத்தார். சிவப்பு. அந்தப் பெண் ஈரத் துணி கொடுத்தாள், தேங்காய் எண்ணெய் கொடுத்தாள், பத்து விரலையும் வைக்கச் சொன்னாள். பத்தும் சிவப்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன மழைக்காலத்தில் ஆர்டர் ஜாஸ்தி என்று அக்காவையும் பேஸ்டிங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஏழெட்டு மாதமாக என் எதிரே உட்கார்ந்து அவரும் விரலால்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மட்டும் இன்னும் பேக்கிங் அக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"ஷூ கம்பெனியா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "தினம் நாலு பேர் இப்டி வர்றீங்கம்மா. நான் இன்னா செய்யறது, மிஷின் ஒத்துக்கல."

அக்கா தன் விரல்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. ஆனால் அதை வேறு யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை. மணி இரண்டு. அக்கா போனிலிருந்து பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி அழுதுவிட்டேன். மகள் அழவில்லை. "நான் வேலூர்ல இருக்கிற கவுன்சிலிங் உதவி மையத்துக்கே போறேன்மா. நேர்ல போனா நம்பர மாத்துவாங்களாம். நீ இந்தப் போனையே கையில வெச்சிரு" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் ஷோரூம் வாசல் படியில் நானும் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். இருவருக்கும் அரை நாள் சம்பளம் போனது. எதிரே மேலும் இரண்டு குடைகள் நின்று ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

நாலே முக்காலுக்குத் தெரியாத எண்ணிலிருந்து கால் வந்தது. மகள்தான். வேலூரில் ஏதோ ஒரு குடையில் தன் பேரில் சிம் வாங்கி, டேப்லெட்டில் போட்டு, அந்த எண்ணையே மாற்றிக் கொடுத்து, ஓடிபி வந்து, ஒப்புக்கொண்டுவிட்டாள். "வெரல வெச்சதும் பச்ச வந்துடிச்சும்மா. ஒரே வாட்டி" என்றாள், அது ஒரு பெரிய விஷயமா என்பது போல.

லைன் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மறுநாள் பஸ்ஸிலேயே இரண்டு பேர் தங்களுக்கு சிம் எடுக்க என் மகளின் விரலுக்குச் சொல்லி வைத்தார்கள். உள்ளே போனதும் சூப்பர்வைசர் கேட்டார்: "திங்கக்கெழமையில இருந்து பொண்ண அனுப்பறேன்னியே, பேஸ்டிங்ல எடம் ரெடியா இருக்குது."

"வர்ல சார்."

"ஏன், ரெண்டு மாசந்தான?"

எதிரே அக்கா காய்ந்த சொல்யூஷனைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அவ கை அப்டியே இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.