லூர்து வீட்டுச் சுவரில் நான் அழித்த கோடு

அதுவும் எதற்காகத் திட்டினாள் என்கிறாய் லூர்து? நாலு காய்ந்த இலைக்காக! வாசலைப் பெருக்கி, குப்பையை வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற சின்ன வாய்க்காலில் தள்ளிவிட்டேன். நம் ஊரில் செய்கிறதுதானே. கீழ் வீட்டு ஃப்ராவ், அதாவது ஜெர்மன்காரம்மா, என் வயதுக்காரி, கையில் வாருகோலோடு ஓடி வந்தாள். கூடமாட ஒத்தாசைக்கு வருகிறாள் என்று நினைத்து, "வாங்க வாங்க, டீ போடவா?" என்று சிரித்தேன். அவள் வாய்க்காலைக் காட்டி ஜெர்மனில் பொரிந்து தள்ளினாள். நான் இன்னும் அகலமாகச் சிரித்தேன். கடைசியில் என் பேத்தி ஜெனி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அம்மாச்சி, சிரிக்காதீங்க. தண்ணி போற வழிய அடைக்கிறீங்கன்னு சொல்றாங்க" என்றாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று சொல்லத்தான் இவ்வளவு பேச்சும்.

எனக்குக் கையெழுத்தே வராது, ரேகைதான் என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல ஜெனி எழுதுகிறாள். நம் ஊர்க் கோயில் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறாள். "பேசுற மாதிரியே எழுதுனா அச்சுல நல்லாருக்காது, செத்தத் திருத்திக்கிறேன்" என்கிறாள். திருத்தட்டும். விஷயத்தைத் திருத்தாமல் இருந்தால் சரி.

மகள் பிலோ இங்கே ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கு வந்து வெகுநாளாயிற்று. நான் வந்து இரண்டு வருஷம். எல்லாம் வசதிதான். குழாயைத் திருகினால் வெந்நீர். பஸ் சொன்ன நேரத்துக்கு வருகிறது. ஆனால் சாப்பிட்டாயா என்று ஒரு சனம் கேட்காது. தெருமுனையில் ஒரு ரொட்டிக்கடை. அதன் சுவரில் கோடு கோடாக வெட்டி, பக்கத்தில் வருஷம் பொறித்திருக்கிறார்கள். ஆறு பெருகி எந்த வருஷம் எதுவரை வந்தது என்ற கணக்காம். ஒரு கோடு என் இடுப்புக்கு, ஒன்று என் தலைக்கு மேலே. கறையைப் போய் இப்படிக் காப்பாற்றுகிறார்களே என்று முதலில் கேலி பேசினேன். நாமெல்லாம் வெள்ளம் வடிந்ததும் சுண்ணாம்பு அடித்துவிட்டு மறுவேலை பார்க்கிறவர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற உன் வீட்டுக்கு அடிக்க ஆள் அனுப்பியதே நான்தான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் என் மகன் அந்தோணி வாளியும் மட்டையுமாக வந்தானே? நீ கண் கலங்கி, "ஏ மதினி, கூடப் பொறந்தவகூட இம்புட்டுச் செய்யமாட்டா" என்றாய். அந்தச் சொல் இன்றைக்கும் என் காதில் முள்ளாகக் கிடக்கிறது.

ஜெனி படிப்பது மழையும் வெள்ளமும் நிலச்சரிவும். அவளைப்போல ஆராய்ச்சியில் புதிதாகக் கால்வைத்த பிள்ளைகளுக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் இரண்டு வாரப் பயிற்சி நடந்தது. காலநிலை மாறுகிறதே, வருகிற ஆபத்தை முன்கூட்டி எப்படிக் கண்டுபிடிப்பது என்று பாடமாம். எந்தெந்த தேசத்திலிருந்தோ வந்திருந்தார்கள். ஒரு நாள் நாலு பேரை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். விடுவேனா? ஊரிலிருந்து கொண்டுவந்து பொத்திவைத்திருந்த சீரகச் சம்பாவைப் போட்டு பிரியாணி ஆக்கினேன். பெரு தேசத்துப் பையன் காரத்தில் கண்ணீர் விட்டுக்கொண்டே மூன்றாம் தடவை தட்டை நீட்டினான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும், ஒரு குடும்பம் கண்ட வெள்ளத்தைக் கேட்டு எழுத வேண்டும், அதுதான் எங்களுக்கு வீட்டுப்பாடம் என்றார்கள். பேசச் சொன்னால் நான் நிறுத்துகிற ஆளா? நம் ஊரில் வெள்ளம் வந்த அந்த ஐப்பசியில் மூன்று நாள் கொட்டியதை, நீ மாதா சுரூபத்தைக் கட்டிக்கொண்டு கட்டில் மேல் ஏறி நின்றதை, கட்டிப்போட்டிருந்த உன் இரண்டு ஆடும் கட்டியபடியே செத்ததை எல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். "வானமே மாறிப்போச்சுத்தா" என்று முடித்தேன். எல்லாரும் எழுதினார்கள். சுனிதா என்று ஒரு நேபாளத்துப் பெண், மலை சரிந்து சொந்த ஊரில் பாதியைப் பறிகொடுத்தவளாம், அவள் மட்டும் ஜெனி வழியாகக் கேட்டாள்.

"உங்க வீட்டுக்குள்ள எவ்வளவு தண்ணி வந்துச்சு?"

"ஒரு சொட்டு வரல."

"பக்கத்து வீடுதானே? ஏன் வரல?"

"மாதா காப்பாத்துனா."

வாய் கூசாமல் சொன்னேன் லூர்து. அந்த மாதா உன் கையில் அல்லவா இருந்தாள்.

மறுநாள் நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தபோது ஜெனி கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நம் ஊரின் பழைய வரைபடத்தைத் தேடி எடுத்திருந்தாள். "இதப் பாருங்க அம்மாச்சி, கூத்த. உங்க வீட்டு நடுவுல ஓடை ஓடுதாம்! யாரோ தப்பா வரைஞ்சிருக்காங்க. இந்தக் கோட்ட எடுத்துட்டு வெள்ளிக்கிழமை பயிற்சியில எல்லார் முன்னாலயும் பேசப்போறேன்." சிரித்தாள். திரையில் நீலமாக ஒரு நூல், நம் குளத்தை நோக்கிப் போகிறது. என் அடுப்படி வழியாகப் போகிறது. தப்பான கதையைச் சொல்லி அத்தனை பேர் முன்னால் என் பேத்தி நிற்கப்போகிறாள்.

"படம் சரிதாந்த்தா" என்றேன்.

மழை பொய்த்த வருஷங்கள் உனக்கு நினைவிருக்கும். ஓடையில் வேலிக்கருவைதான் மண்டிக் கிடந்தது. எங்கள் மனையை ஒட்டித்தானே கிடக்கிறது என்று என் வீட்டுக்காரர் குளத்து வண்டலை டிராக்டரில் கொண்டுவந்து அதில் கொட்டி மூடினார். நான்தான் நின்று மிதித்தேன், மேடாகட்டும் என்று. அந்த மேட்டில்தான் அடுப்படியோடு வீட்டை நீட்டிக் கட்டினோம். நீ வேலியோரம் நின்று, "மதினி, மழ வந்தா இந்தத் தண்ணி எங்கிட்டுப் போகும்?" என்று கேட்டாய். "மொதல்ல மழ வரட்டும், அப்பறம் வழி கேப்போம்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். மழை வந்தது. கேட்க வேண்டிய வழியை உன் வீட்டுக்குள்ளே கேட்டது.

எங்கள் பக்கத்தைப் பார்த்த உன் சுவரில்தான் தண்ணீர் மோதிய கறை உயரமாக இருந்தது. நாலு பேர் பார்த்தால் ஓடையைப் பற்றிப் பேச்சு வரும். அதற்குத்தான் சுண்ணாம்பு. வேறு எதற்கும் இல்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கோழி திருடியவளைச் சபித்ததைக்கூடச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை.

ஜெனி கம்ப்யூட்டரை மூடி வைத்தாள். பிறகு, "லூர்து அம்மாச்சிக்குத் தெரியுமா?" என்றாள்.

"ஓடைய மூடுனது தெரியும். சுண்ணாம்பு எதுக்குன்னு தெரியாது."

"நான் வெள்ளிக்கிழமை என்ன பேசுறது?"

"உள்ளதச் சொல்லு."

"உங்களுக்கு அசிங்கமா இருக்குமே அம்மாச்சி."

"அசிங்கந்தான். நீ சொல்லு."

வெள்ளிக்கிழமை அந்த மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பெரிய திரையில் நம் ஊர். மழை முன்னைவிட மூர்க்கமாக வருகிறது, அது நிஜம். அது போகிற வழியை என் அம்மாச்சி வீட்டார் அடைத்தார்கள், அதுவும் நிஜம் என்று அவள் சொன்னாளாம். எனக்குப் பாஷை புரியாவிட்டாலும் என்னைப் பற்றிச் சொன்ன இடம் புரிந்தது. அவள் குரல் அங்கே இறங்கியது. சுனிதா எழுந்து ஏதோ கேட்டாள். ஜெனி என்னைப் பார்த்து, அதையே தமிழில் கேட்டாள்: "இப்ப ஓடை தொறந்திருக்கா அம்மாச்சி?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அந்த மண்டபத்தில் அத்தனை தேசத்துக் கண்ணும் என் மேல் இருந்தது.

அன்றைக்கே அந்தோணிக்குப் போன் போட்டேன். வீடு அப்படியே இருக்கட்டும், மாட்டுக்கொட்டத்தையும் குளியலறையையும் பிரித்து அந்த வழியாக ஓடையை வெட்டு என்றேன். "ஏம்மா, நீ அங்கிட்டு ஹீட்டர் பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு இங்க இருக்குறத இடிக்கச் சொல்லுற, நல்லாருக்கா?" என்றான். அவன் கேட்டதில் என்ன தப்பு? அங்கே இருந்தபோது வாயைத் திறக்காதவள்தானே நான்.

அதனால் ஒன்று செய் லூர்து. மனைப் பட்டா என் பேரில் இருக்கிறது. ஓடையை வெட்ட எனக்குச் சம்மதம் என்று ஜெனி தனியாக ஒரு தாள் எழுதி, அதில் என் ரேகையை ஒற்றி உனக்கு அனுப்புகிறாள். ஐப்பசி பிறக்க நாள் அதிகம் இல்லை. பத்திரிகை வந்ததும் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேள். அப்புறம் அந்தத் தாளை எடுத்துப்போய் அந்தோணி முன்னால் வை. உன் சுவரையும் கொஞ்சம் சுரண்டிப் பார். என் சுண்ணாம்புக்கு அடியில் கோடு இருக்கும். அதை இனி அழிக்காதே. என்னோடு பேசுவதும் பேசாததும் உன் பாடு, மதினி என்று கூப்பிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

இரு, கீழே ஃப்ராவ் கதவைத் தட்டுகிறாள். நேற்று அடித்த காற்றில் வாய்க்கால் பூராவும் இலை அடைத்துக் கிடக்கிறது. எனக்கென்று ஒரு வாருகோல் வாங்கி வைத்திருக்கிறாள். "ஏ ஜெனி, எழுதுனது போதும், அந்த ரப்பர் செருப்ப எடு. இந்த ஊர்த் தண்ணிக்காவது வழிவிட்டுட்டு வாரேன்."