படத்தில் அசையாதிருந்தவர்

லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் ஒழுங்கான வேலை, ஒரு மியூசியத்தில் படங்களுக்குக் காவல் இருப்பது. புகைப்படம் என்ற சங்கதி பிறந்த காலத்துப் படங்கள். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியையும் கறுப்புத் துணியால் மூடியிருப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூட வேண்டும். அநேகம் பேர் மூடுவதில்லை. துரைமார் திறந்துபோட்டதை மூடிக்கொண்டு திரிவதுதான் என் உத்தியோகம்.

ஆள் வராத நேரங்களில் படங்களுக்குப் பக்கத்தில் இருந்த குறிப்புகளை வாசிப்பேன். என் ஆங்கிலம் பாதி அங்கே படித்ததுதான். முதன்முதலில் ஒரு படம் விழுவதற்கு மணிக்கணக்காக வெயில் வேண்டியிருந்ததாம். பிறகு ஒரு பிரெஞ்சுக்காரர் பாரிஸ் தெரு ஒன்றை எடுத்திருக்கிறார். வண்டியும் சனமுமாக நெரிந்த தெரு, படத்தில் வெறிச்சோடிக் கிடந்தது. படம் பதிய நிமிடக்கணக்காக எடுத்ததால் நடமாடிய ஒருவரும் அதில் விழவில்லை. சப்பாத்துத் துடைப்பிக்கக் காலை நீட்டி நின்ற ஒரு மனிதர் மட்டும் விழுந்தார். மற்றச் சனமெல்லாம் எங்கே போனது என்று அந்தத் தெருவில் தேடிக்கொண்டு நிற்பேன்.

மூலையில் இருந்த பெட்டியை எனக்குப் பிடிக்காது. உள்ளே வெள்ளித் தகட்டில் பதித்த ஒரு படம். நேரே பார்த்தால் என் முகம்தான் தெரியும். தலையைக் கொஞ்சம் சரித்தால் ஓர் ஆங்கிலக் குடும்பம் வரும். தாயும் தகப்பனும் லேசாகக் கலங்கியிருந்தார்கள். நடுவில் இருந்த சிறுமியின் கண்மயிரை எண்ணலாம். உயிருள்ளவர்கள் எவ்வளவு அடக்கினாலும் கொஞ்சமாவது ஆடிவிடுவார்கள், பிள்ளை இறந்துபோனதால்தான் இத்தனை துலக்கம் என்று குறிப்பு சொன்னது. அந்தத் துணியை நான் கண்ணை மூடிக்கொண்டுதான் மூடுவேன்.

அந்த நாட்களில் ஊரில் சண்டை. என் விசா வழக்கும் முடியவில்லை. அப்பாவுக்கு நெஞ்சில் நோய், கடும் வருத்தம் என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அம்மாவின் கடிதங்களில் அவர் எப்போதும் சுகம்தான். ஆனால் சாவுச் செய்தியை வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு மறைப்பது எங்கள் வீடுகளில் அப்போது வழக்கம். கேட்டால் விழுந்தடித்துக்கொண்டு வருவான், கொழும்பிலேயே பொலிஸ்காரர் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். அதனால் அப்பாவின் படம் ஒன்று அனுப்புங்கள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் நச்சரித்தேன். படம் வராவிட்டால் இனி எழுதவே மாட்டேன் என்றும் ஒரு தடவை எழுதினேன்.

பல மாதம் கழித்துப் படம் வந்தது. கரண்டும் இல்லை, பற்றரிக்கும் அரசாங்கத் தடை, பிளாஷ் போட வழியில்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தது என்று அம்மா எழுதியிருந்தா. கதிரையில் சாய்ந்தபடி அப்பா, கண்ணாடி போட்டு, சால்வையோடு. இரண்டு பக்கமும் அம்மாவும் அக்காவும். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

லண்டன் நோர்பரியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த, நான் அண்ணை என்று கூப்பிடுகிறவரிடம் காட்டினேன்.

"கொப்பர் நல்லாய்த்தானே இருக்கிறார். மற்ற ரெண்டு பேரும்தான் ஆடிப்போட்டினம்," என்றார்.

படத்தைத் திருப்பி வாங்கி விளக்கடியில் பிடித்தேன். அப்பா ஒரு நிமிடம் சும்மா இருக்காத மனிதர். சாப்பிடும்போதுகூடக் காலை ஆட்டி அம்மாவிடம் ஏச்சு வாங்குகிறவர். படத்தில் அந்தக் கால்விரல் நகம்வரை தெளிவாகத் தெரிந்தது.

"அண்ணை, இவர் மட்டும் ஏன் ஆடேல்லை?"

"விசர்க்கதை கதையாதை. படம் பிடிக்கேக்கை ஆடாமல் இருக்கிறதுதானே? போய்ப் படு."

படத்தைச் சரித்துப் பார்த்தேன், நிமிர்த்திப் பார்த்தேன். எந்தப் பக்கம் பிடித்தாலும் அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் பிடித்த பிடிவாதத்துக்காகத்தான் அவரைக் கதிரையில் இருத்தினார்களோ என்ற நினைப்பு வந்தபோது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. உண்மையைச் சொல்லுங்கள் என்று அம்மாவுக்கு எழுதினேன். அதைத் தபாலில் போடப் பயந்து கிழித்தேன்.

அடுத்த வருடம் அம்மாவின் கடிதம் ஒன்று வந்தது. அப்பா சுகம், உன்னை விசாரித்தவர் என்று வழக்கம்போலத் தொடங்கி, அக்காவின் பிள்ளைகள், கிணற்றுத் தண்ணீர் என்று போய், கடைசியில் இப்படி முடிந்தது: "ஆடி அமாவாசை வருகுது. அண்டைக்கு மச்சம் மாமிசம் தின்னாதை ராசா, விரதம் இரு."

தகப்பன் உயிரோடு இருக்கிறவன் பிடிக்கிற விரதம் அல்ல அது. தகப்பனை இழந்தவர்களுக்கு உரியது. அம்மா கை தவறி எழுதினாவா, வேண்டுமென்றே எழுதினாவா என்று நான் கேட்டதில்லை.

அமாவாசை அன்று லீவு எடுத்தேன். முழுகி, சோறும் கறியும் சமைத்து, அப்பாவுக்குப் படைத்தேன். பிறகு அதே மேசையில் இருந்து, அப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரித்து அம்மாவுக்குப் பதில் எழுதினேன்.