பதினோரு பேருக்கு ஒரு டெஸ்ட் கிட்

கிள்ளான் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏற வேண்டிய காலை. கொவிட் இல்லையென்று ஒவ்வொருவரும் டெஸ்ட் கிட்டைப் படமெடுத்துக் கப்பல் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் மூக்கைக் குடைந்துவிட்டுக் காத்திருந்தேன். கொவிட் உண்டு என்று சொல்லும் இரண்டாவது கோடு விடியலைப் போல மெல்ல எழுந்தது.

பயணத்தை ஏற்பாடு செய்த மைத்துனர் அதை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். "மங்கலாத்தான் இருக்கு மச்சான், இதெல்லாம் கோடே இல்ல லா! குடும்ப வாட்சப்புல என் கிட் படம் இருக்கு. எல்லாரும் அதைத்தான் அனுப்பினாங்க."

பச்சைக்கல் மோதிரம் போட்ட அவர் விரலும் படத்தில் இருந்தது. மூன்று நாள் கடல் என்னை அழைத்தது, நானும் அனுப்பினேன்.

முனையத்தில் அதிகாரிப் பெண் பதினோரு படங்களையும் பார்த்து முடித்தாள். "அங்கிள், உங்க குடும்பத்துல எல்லாருக்கும் ஒரே மோதிரமா?"

"செட்டா வாங்கினோம் லா," என்றார் மைத்துனர்.

அப்போதுதான் எனக்கு இருமல் வந்தது. சொந்தங்கள் பத்துப் பேரும் சட்டென்று என்னைவிட்டு விலகி நின்றார்கள். அன்றைக்கு எங்கள் குடும்பம் கடைப்பிடித்த ஒரே சுகாதார விதி அதுதான். கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போனது.