வால்வைத் திறக்கும் முன்

கடலோரத்து அணுமின் நிலையம் ஒன்றில் மதிவதனி ஷிப்ட் இன்ஜினியர். லீவு கிடைத்தால் அடி அண்ணாமலையில் கணவன் வளவனின் டீக்கடையில் டம்ளர் கழுவுவாள். "அங்க உலை, இங்க பால். பொங்காம பார்த்துக்கறதுதான் எங்க வூட்டம்மா வேலை" என்று வளவன் கிரிவலம் வருகிறவர்களிடமெல்லாம் அளப்பான்.

இந்தப் பௌர்ணமிக்கு அவள் முகமே சரியில்லை. போன வாரம் நிலையத்தில் கம்ப்யூட்டரில் ஒரு ஒத்திகை. உலை உருகிவிட்டது, கட்டடத்துக்குள் நீராவி ஏறுகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். நீராவியை வெளியே விடும் வால்வைத் திறந்தால் கட்டடம் பிழைக்கும்; ஆனால் வடிகட்டியைத் தாண்டிக் கொஞ்சம் கதிர்வீச்சு பக்கத்து மீனவர் குப்பத்தின் மேல் போகும். திறக்காவிட்டால் தானாக அடங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். அவள் கையைப் பிசைந்தாள். திரையில் வெடித்தது. திறப்பாளா, மாட்டாளா என்று திங்கட்கிழமை அவள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த நாற்காலி வேறு ஆளுக்கு.

"திரையிலதானே வெடிச்சுது? அதுக்குப் போய் சோறு எறங்கலியா?"

"தொறந்தா குப்பத்து ஜனங்க தலைமேல நானே ஊத்தின மாதிரிங்க."

சாயங்காலம் கடைக்கு எதிரே ஒரு புண்ணியவான் டெம்போவைக் குறுக்கே நிறுத்திப் புளியோதரை கொடுத்தார். புண்ணியம் சேர்ந்ததோ என்னவோ, கூட்டம் சேர்ந்தது. பின்னால் வந்தவர்கள் தள்ள, முன்னால் நின்றவர்கள் கடையோடு நசுங்கினார்கள். "மூச்சு முட்டுது!" என்று ஒரு குரல்.

"அடுப்பை அணைங்க! பின்கதவைத் தொறந்து ஜனங்களை வயல்பக்கம் விட்டுடலாம்."

"கடை நாசமாயிடும்டி!"

"ஆவட்டும்."

பின்கதவுத் தாழ்ப்பாளை விலக்கியவள் நின்றாள். கதவுக்கு வெளியே களைத்துப்போன இரண்டு பிள்ளைகள் அம்மா பக்கத்தில் துண்டு விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தன. அவர்களைத் தூக்கி அம்மாவோடு ஓரம் சேர்த்த பிறகுதான் கூட்டத்தை உள்ளே விட்டாள். மேசை சாய்ந்தது, டம்ளர்கள் நொறுங்கின, ஓர் ஆயாவின் காலில் கண்ணாடி கிழித்தது. ஆனால் யாரும் நசுங்கவில்லை.

"எவடி கதவைத் தொறந்தது?" என்றாள் ஆயா.

"நான்தாங்க" என்று கட்டுப்போட உட்கார்ந்தாள் மதிவதனி. ஆயா திட்டி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. வளவன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை அவள் நிலையத்துக்கு நேராகப் போகவில்லை. குப்பத்தில் இறங்கி, கைத்தடியோடு வந்த ஒரு பாட்டியின் கூடவே, மணி பார்த்துக்கொண்டு, மெயின் ரோடுவரை மெதுவாக நடந்தாள்.

"தொறப்பேன் சார்," என்றாள் நிலையத்துக் கூட்டத்தில். "ஆனா அழுத்தம் ஏற ஆரம்பிச்சதுமே குப்பத்து ஜனங்களை வெளியேறச் சொல்லிடணும். அங்க தடி ஊணி நடக்கற ஒரு பாட்டி ரோட்டுக்கு வர்ற வரைக்கும் கட்டடம் தாங்குமான்னுதான் மொதல்ல கணக்குப் போடணும்."