சுவீடன்காரர் கேசட்டின் முதல் பக்கம்

பத்திரிகை ஆசிரியருக்கு வணக்கம். முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர, பெரிய ற இன்னமும் எனக்குக் குழப்பம்தான். பிழை இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன், அதனால் எழுதித்தான் சொல்ல முடிகிறது.

இது நடந்தது 1981இல். அப்போது பினாங்குக்குக் கிட்டத்தில், லூனாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ரப்பர் பாலை வேகமாகச் சுழற்றி, தண்ணீரைப் பிரித்துக் கெட்டியாக்கும் புது இயந்திரம் ஒன்று ஆலைக்கு வந்தது. அதைப் பூட்டிக் கொடுக்கச் சுவீடன் நாட்டிலிருந்து ஒருவர் வந்து ஆறு வாரம் தங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். நெட்டையான ஆள், அதிகம் பேசமாட்டார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

வேலை முடிந்ததும் வீட்டில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் செய்வேன். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் கட்டுவதும் நான்தான். ‘அண்ணன் செட்டு கட்டுனா சத்தம் தெளிவா இருக்கும் லா’ என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களில் சொல்வார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஒருநாள் ஆலையில் கணக்கு எழுதும் கிராணி, சுவீடன்காரருடைய டேப் ரெக்கார்டரை என்னிடம் கொண்டுவந்தார். உள்ளே ஒரு கேசட் சிக்கியிருந்தது. நாடாவைப் பத்திரமாகப் பிரித்தெடுத்து, புது பெல்ட் மாட்டி, பாடவிட்டுப் பார்த்தேன். காகிதம் கிழிந்த ஸ்பீக்கர் போல ஒரே கரகரப்பு. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், திருகாணியைத் திருப்பினேன், வேறு ஸ்பீக்கரில் இணைத்தேன். மூன்று சாயங்காலம் இதே வேலை.

“ஏங்க, பொட்டிக்குள்ள குளவி கூடு கட்டிருச்சா?” என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டுத் தம்பி கோயிலில் உறுமி மேளம் அடிப்பவன். அவனும் வாசலிலிருந்து, “அண்ணே, ஆலையில கேக்குற சத்தம் பத்தலயா? வீட்டுக்கும் தூக்கிட்டு வந்துட்டீங்களே” என்றான்.

என் கேசட்டுகளை அதே பெட்டியில் போட்டால் சுத்தமாகப் பாடின. ஆக, பெட்டியில் குறை இல்லை, அந்த நாடாதான் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டினேன். பாவம், இவ்வளவு தூரம் கெட்டுப்போன கேசட்டோடு வந்திருக்கிறாரே என்று இரக்கம் வேறு. கோயில் திருவிழாவில் நானே பதிவு செய்த நாதஸ்வரத்தை அதில் பதிவு செய்து கொடுத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். யாரும் அழித்துவிடக் கூடாது என்றால் அவற்றை உடைத்துவிடுவார்கள். இந்தக் கேசட்டில் இரண்டுமே உடைக்கப்பட்டிருந்தன. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு குழியைச் செலோடேப் ஒட்டி அடைத்து, முதல் பக்கம் முழுவதிலும் நாதஸ்வரத்தைப் பதிவு செய்தேன்.

மறுநாள் தேநீர் வேளையில் ஆலையில் வைத்துப் பெட்டியைக் கேசட்டோடு சுவீடன்காரரிடம் கொடுத்தேன். அவர் பொத்தானை அழுத்தியதும் நாதஸ்வரம் கேட்டது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ரேடியோ என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் சிரித்தார். பிறகு நாடாவை ஓட்டிப் பார்த்தார், நாதஸ்வரம். இன்னும் ஓட்டினார், அதே நாதஸ்வரம். கேசட்டை வெளியே எடுத்து, நான் ஒட்டிய செலோடேப்பை நகத்தால் தடவிக்கொண்டே நின்றார்.

கிராணியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கிராணி என்னைப் பார்த்து, “ஏம்ப்பா, பொட்டி தானா அழிச்சிருச்சா, இல்ல நீ செஞ்சியா?” என்றார்.

பெட்டிதான் என்று சொல்லியிருந்தால் கிராணி அதையே சொல்லியிருப்பார். “நான்தான் அழிச்சேன் கிராணி. சத்தம் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்.”

“கெடல லா. அது வேணும்னே அப்படி வாசிக்கிறதாம். கித்தார கரகரன்னு உறும வைக்கிறாங்களாம். ஃபஸ்னு சொல்றாரு.”

மீதியைக் கிராணி நிதானமாகச் சொன்னார். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு சுவீடன்காரருடைய ஊர்ப் பையன்கள் ராக் குழுக்கள் வைத்திருந்தார்களாம். இவருக்கு வாசிக்கத் தெரியாது. என்னைப் போலவே ஒலிப்பெட்டி தூக்கியவர். இசைத்தட்டு போடும் நிலைமைக்கு யாரும் வருவதற்கு முன்பே, தேவாலயக் கூடத்தில் அவர்கள் வாசித்துப் பழகியதைப் பதிவு செய்தவர் இவர்தான். முதல் பக்கத்தில் இரண்டு குழுக்கள். அவை இசைத்தட்டு போடாமலேயே கலைந்துவிட்டன. முதலில் பதிவு செய்த பெரிய நாடாச் சுருளும் வீடு மாறும்போது தொலைந்துபோனது. இந்த ஒரு கேசட்தான் மிச்சம்.

அவர் என்னைத் திட்டவில்லை. இரண்டு நாள் என் பக்கம் திரும்பவும் இல்லை. வேலை போய்விடும் என்ற பயம் முதல் நாளோடு போய்விட்டது. செய்த தப்பின் உறுத்தல் போகவில்லை.

மூன்றாம் நாள் அவராகவே வந்து அதே கேசட்டை என் கையில் வைத்தார். கிராணி சொன்னார்: “ரெண்டாவது பக்கம் அப்படியே இருக்காம். மறுபடி சிக்கினா அதுவும் போயிரும்னு பயப்படுறாரு. ரெண்டு காப்பி எடுத்துத் தரணுமாம்.”

“நானா?” என்றேன்.

“நீதான்னு சொல்றாரு. நான் என்ன செய்ய?”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பெட்டிகளையும் வயரால் இணைத்து உட்கார்ந்தேன். பாடுகிற பெட்டி எது, பதிகிற பெட்டி எது என்று நாலு முறை பார்த்துவிட்டுத்தான் பொத்தானைத் தொட்டேன்.

காப்பி எடுக்கும்போது முழுவதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். முதலில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ சிரிக்கிறார்கள். ஒரு பையன் அவர்கள் பாஷையில் நாலு எண்ணுகிறான். பிறகு அந்தக் கரகரப்பு.

உறுமிக்காரத் தம்பி எட்டிப் பார்த்தான். “இன்னுமா ரிப்பேரு ஆவல?”

“ரிப்பேர் இல்ல தம்பி. இது இப்படித்தானாம். வேணும்னே செய்யறதாம்.”

அவன் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டான். “அதான. குச்சிய வச்சித் தேச்சாத்தான உறுமி உறுமும். நல்லவேள, என் உறுமிய உங்ககிட்ட ரிப்பேருக்குக் குடுக்கல. எண்ணெய் போட்டு வாய அடச்சிருப்பீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. பிறந்ததிலிருந்து உறுமி கேட்டு வளர்ந்தவன் நான். அது முனகுவதைக் குறை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இரண்டாவது காப்பி எடுக்கும்போது நானும் அப்படியே கேட்டுப் பார்த்தேன். கரகரப்பை ஒதுக்கிவிட்டு உள்ளே பாட்டைத் தேடுவதை விட்டுவிட்டேன். அப்போதுதான் கேட்டது, அந்தக் கரகரப்பே மெதுவாக ஏறியும் இறங்கியும் பாடிக்கொண்டிருந்தது. வீட்டை விட்டுத் தூரமாகப் போகிறவன் தனக்குத்தானே முனகிக்கொள்வது போல இருந்தது. மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டாள். இந்த முறை குளவி என்று சொல்லவில்லை.

காப்பிகளைக் கொடுத்தபோது, கிராணியிடம் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்த, மன்னிப்புக் கேட்கும் ஆங்கில வார்த்தை எனக்கு வரவில்லை. அவர் ஒரு காப்பியைத் திரும்ப என் சட்டைப் பையில் வைத்தார். நாதஸ்வரம் ஏறிய கேசட்டையும் எடுத்துக்கொண்டுதான் ஊருக்குப் போனார்.

பிறகு கூலிமிலும் பினாங்கிலும் பல கேசட் கடைகளில் என் காப்பியைப் போட்டுக் காட்டி, அந்த இரண்டாவது பக்கத்துக் குழுவைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போதெல்லாம் யார் எதை ரிப்பேருக்குக் கொண்டுவந்தாலும், முன்பு அது எப்படிப் பாடியது என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. அந்த முதல் பக்கத்துப் பையன்களை இந்த உலகத்தில் கடைசியாகக் கேட்டவன் நான்தான், மூன்று நாளும் அவர்களிடம் குறையைத் தேடிக்கொண்டே கேட்டேன்.

எழுதி முடித்தது: 13 ஆகஸ்டு 1989, ஞாயிற்றுக்கிழமை.