வாய்விட்டுச் சொன்ன பெயர்

கர்த்தர் எனக்குச் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், சகோதர சகோதரிகளே.

போன மாசி மாதம் என் வீட்டுக்காரருக்குக் குரல் கம்மியது. குளத்தூரில் எங்கள் சபையில் கீர்த்தனை எடுத்துப் பாடுகிறவர் அவர்தான். சளி என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். பங்குனி முடிவதற்குள் பேச்சு வெறும் காற்றாகிவிட்டது. மதுரையில் ஒரு டாக்டர், தொண்டையில் கட்டி என்று சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்றுநோயாக இருந்துவிடுமோ என்று எனக்குச் சோறே இறங்கவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வந்தது. உமக்குப் பாடின தொண்டைதானே என்று ஆண்டவரோடு சண்டை போட்டேன்.

முடிவு கேட்கப் புறப்பட்ட அன்று கோவில்பட்டியில் ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். வெயிலுக்கு ஒதுங்கப் பக்கத்தில் இருந்த பழைய ஆலயத்துக்குள் போனோம். கனத்த சுவர், உள்ளே நல்ல குளிர்ச்சி. வழக்கப்படி அவர் ஆண்கள் பக்கம் போனார், நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அம்மா என் முகத்தைப் பார்த்து அருகில் வந்து விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சேர்ந்து ஜெபிப்போம், அவர் பெயர் என்ன என்று கேட்டார்.

"எங்க வீட்டு அவியதான்" என்றேன்.

"பேரச் சொல்லுங்கக்கா."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். அவர் பெயரை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்ல வைப்பேன். ஜெபத்திலும் 'அவிய'தான். எவிய என்று ஆண்டவருக்குத் தெரியாதா என்ன என்று இருந்துவிட்டேன்.

அந்தப் பக்கம் பார்த்தேன். அவர் முழங்காலில் நின்றார். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. அவருக்காக நான்தானே வாய் திறக்க வேண்டும்? வெட்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"ஆண்டவரே, என் செல்லத்துரையை எனக்குத் தாரும்" என்று கதறிவிட்டேன்.

ஆலயம் முழுக்கக் கேட்டது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. முடிவு தெரியும் முன்னாலேயே என் பயம் விட்டுப்போனது.

சாயங்காலம் டாக்டர் சொன்னார், புற்று இல்லை, சாதாரணக் கட்டிதான் என்று. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சில நாள் வாயே திறக்கக் கூடாது என்றார்கள். பேசலாம் என்று சொன்ன அன்று காபியை நீட்டினேன். வாங்காமல் என்னையே பார்த்தார்.

"ஏட்டி, அந்தப் பேர இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன். இப்போது குடும்ப ஜெபத்தில் தினமும் சொல்கிறேன். அவரும் பாடுகிறார், கொஞ்சம் கரகரப்பு உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நீங்களும் கூச்சப்படாதீர்கள். யாருக்காகக் கேட்கிறீர்களோ அவர்கள் பெயரை வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் காதிலும் விழட்டும்.